நடக்கிற ஆள் நிற்கிறான்

மூங்கில் கழி தண்ணீருக்குள் இறங்கிச் சேற்றில் குத்தும்போது ஒரு சத்தம் வரும். 'சளக்' என்று தொடங்கி, அடியில் போய்ப் 'பொத்' என்று அடங்கும். அந்தச் சத்தத்தோடு நனைந்த சவுக்குப் பட்டையின் புளித்த வாடையும் சேற்று வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறும். இன்றைக்கு மயிலாப்பூரில் லஸ் பக்கத்தில் அந்தக் கால்வாயைத் தாண்டுகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவர்களை நிறுத்தி, இங்கே ஒரு காலத்தில் படகு வந்தது, விறகும் உப்பும் கிளிஞ்சலும் வந்து இறங்கின என்று சொன்னால், கிழவிக்கு வேறு வேலை இல்லை என்று நினைப்பார்கள். நான் சொல்வதும் இல்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. எழுதுவது அதைவிடச் சுலபமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவள் எழுதுகிற எழுத்து இது. பிழை இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த 'நின்றுவிட்டவள்' என்ற சொல்லைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் நைனாவுக்குக் கால்வாய்க் கரையில் இருந்த ஒரு விறகுத் 'தொட்டி'யில், அதாவது விறகுக் கடையில், தராசடி வேலை. தெற்கே கோவளத்துப் பக்கத்திலிருந்து சவுக்கு ஏற்றிக்கொண்டு படகுகள் வரும். இறக்கி, அடுக்கி, பிளந்து, நிறுத்துக் கொடுப்பார்கள். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டதும் நான் வீட்டுக்கு ஓடி, சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு வருவேன். நைனா கை கழுவிக்கொண்டு வரும்வரை கட்டை அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்து படகுகளைப் பார்ப்பதுதான் எனக்கு விளையாட்டு. மற்றப் பெண்களோடு ஓடிப்பிடித்து விளையாட எனக்குக் கூச்சம். படகு நம்மைத் திரும்பிப் பார்க்காது, பேர் கேட்காது.

காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள், இல்லையென்றால் கரையில் இறங்கிக் கயிறு போட்டு இழுப்பார்கள். ஊருக்குள், கரையோரம் தொட்டியும் வீடுமாக நெருங்கிவிட்ட இடத்தில், கழி போட்டுத்தான் தள்ள வேண்டும். படகுக்காரன் முன்முனையில் நின்று கழியைச் சேற்றில் ஊன்றி, மேல்நுனியைத் தோளில் முட்டுக் கொடுத்துக்கொண்டு, படகின் ஓரப் பலகை மேல் பின்முனையை நோக்கி நடப்பான். பின்முனைக்கு வந்ததும் கழியை உருவிக்கொண்டு முன்முனைக்குத் திரும்பி ஓடுவான். மறுபடி ஊன்றுவான், மறுபடி நடப்பான். இதைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கரையில் ஒரு பூவரச மரம். ஒரு நாள் படகுக்காரன் சரியாக அந்த மரத்துக்கு முன்னால் கழி ஊன்றி நடக்கத் தொடங்கினான். நடந்தான், நடந்தான், பத்து எட்டு நடந்தான். அவன் தலைக்குப் பின்னால் அதே பூவரச மரம். அவன் காலுக்குக் கீழே படகும் விறகுக் கட்டுகளும் சமையல் சட்டியும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவன் மட்டும் போகவில்லை. நடந்துகொண்டே நின்றான்.

யாரும் சொல்லிக் கொடுக்காமல் நானே கண்டுபிடித்த ஒரே விஷயம் என் வாழ்க்கையில் அதுதான்.

படகு தொட்டியோரம் ஒதுங்கியதும், கூச்சத்தை விழுங்கிக்கொண்டு அந்தப் படகுக்காரரிடமே கேட்டேன். "நீ நடக்கறே. ஆனா மரத்தாண்டயே கீறியே?"

அவர் ஒரு நிமிஷம் என்னையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அத்த இன்னாத்துக்குக் கேக்கற பாப்பா! கோவளத்துலேர்ந்து காலு ஒடிய நடந்துக்கினு வரேன். நான் ஒரு எட்டுகூட வெக்கலேன்னு இப்பத்தான் தெரியுது."

அதோடு விட்டிருந்தால் அது என் சொந்தச் சொத்தாக இருந்திருக்கும். அந்த வருஷம் பார்த்து அது பாடத்தில் வந்து தொலைந்தது.

எங்கள் பள்ளிக்கூடம் பெண் பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளிக்கூடம், ஐந்து வகுப்புதான். ஆறாவதுக்கு இரண்டு தெரு தள்ளி வேறு பள்ளிக்கூடம் போக வேண்டும். அங்கே சிலேட்டுப் பலகை கிடையாது; நோட்டும், மேஜையில் பதித்த மைக்கூடும். ஜன்னல் வழியாக அதை ஒரு தடவை எட்டிப் பார்த்ததிலிருந்து எனக்கு அந்த மைக்கூட்டின் மேல் பைத்தியம். நைனாவிடம் கேட்டதற்கு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "அஞ்சாவது தேறினா மேல போ. தேறலேன்னா நின்னுக்கோ." அம்மா கைக்குழந்தையோடு இருந்தாள், நான் நின்றால் அவளுக்கு ஒரு கை கிடைக்கும் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அவளைக் குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஐந்தாம் வகுப்பு டீச்சரம்மா வெள்ளைப் புடவையில், எப்போதும் கையில் ஒரு கறுப்புக் குடையோடு வருகிறவர். கெட்டிக்காரர், கண்டிப்பு. இயற்கைப் பாடத்தில் அன்றைக்குச் 'சக்தி' என்று கரும்பலகையில் எழுதினார். எங்களுக்குச் சக்தி என்றால் அம்மன். முன்வரிசைப் பெண் ஒருத்தி கையைக் கூப்பிவிட்டாள். "கும்பிடறதுக்கு இல்லேடி இது, தள்றதுக்கும் இழுக்கறதுக்கும்," என்று டீச்சரம்மா நாற்காலியைத் தள்ளிக் காட்டினார், கதவை இழுத்துக் காட்டினார். தள்ளினால் அசையும், இழுத்தாலும் அசையும், சும்மா விட்டால் நிற்கும். பிறகு எங்கள் சிலேட்டுப் பலகையில் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் அசைகிற பொருள் ஐந்து, மறுபக்கம் நிற்கிற பொருள் ஐந்து எழுதச் சொன்னார். எல்லாரும் வண்டி, மாடு, பம்பரம் என்று ஒரு பக்கமும், மலை, மரம், கோபுரம் என்று மறுபக்கமும் எழுதினார்கள். நான் அசைகிற பக்கத்தில் 'படகு' என்று எழுதினேன். நிற்கிற பக்கத்தில், 'படகில் நடக்கிற ஆள்' என்று எழுதினேன்.

டீச்சரம்மா பலகையை வாங்கி வகுப்பு முழுதும் கேட்கும்படி படித்தார்.

"ஏண்டி கன்னியம்மா, நடந்துண்டே ஒருத்தன் எப்படிடி நிப்பான்? தூங்கிண்டே பாடம் படிக்கிறேன்னு சொல்ற மாதிரி இருக்கே!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. எனக்கு "கால்வாயில..." என்று மட்டும் வந்தது. "கால்வாயில என்ன, கடல்ல என்ன, நடந்தா அசையறதுதான். அழி," என்றார். அழித்தேன். கால்வாய் எங்கள் பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து கூப்பிடு தூரம். இரண்டு நிமிஷம் வந்து பார்த்திருந்தால் போதும். அதை இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் மத்தியானம் நைனாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கரையில் நிறுத்தினேன். வாயில் சோறு இருக்கும்போதே வந்தார். படகு வந்தது, ஆள் நடந்தான், பூவரச மரம் அவன் தலைக்குப் பின்னாலேயே இருந்தது. நைனா மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அட, ஆமா கீது! இத்தினி வருசமா பாத்துக்கினு கீறேன், கண்ணுல படல பாரேன்."

எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. "டீச்சராண்ட வந்து சொல்றியா நைனா?"

"இன்னாத்த? நானா?" என்று பின்வாங்கினார். "அவங்க படிச்சவங்க. டீச்சரம்மா இன்னா சொன்னாங்களோ அத்த சொல்லிட்டுத் தேறி வா கண்ணு." சோற்றைத் தின்னப் போய்விட்டார். கூச்சம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத் தெரிந்தது.

வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார். அவர் கேட்கிற கேள்விக்குச் சொல்கிற பதிலைப் பொறுத்துத்தான் ஐந்தாவதில் தேறுவதும் தேறாததும். தோரணம் கட்டி, தரை கழுவி, எங்களுக்கெல்லாம் எண்ணெய் வழிய ஜடை பின்னி உட்கார வைத்திருந்தார்கள். பெஞ்சு கிடையாது, தரையில் நீள நீளமான மணைப் பலகைகள் போட்டு, ஒரு பலகைக்கு ஐந்து பேர் உட்காருவோம். எனக்குப் பக்கத்தில் ஜீனத். அவள் அத்தா கயிற்றுக் கடை வைத்திருந்தார். அந்த வகுப்பில் என்னோடு பேசுகிற ஒரே பெண் அவள்தான். பேசுவதெல்லாம் கேலி, அது வேறு விஷயம். "வாயத் தொறந்து சொல்லிடு. அந்தப் படகுக்காரன இன்னிக்கு ஒருநாள் ஊட்ல தூங்கச் சொல்லு," என்று காதில் ஓதினாள்.

நானும் அப்படித்தான் முடிவு செய்திருந்தேன். வண்டி, மரம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டியது. அம்மாள் அசைவது ஒன்று, நிற்பது ஒன்று சொல்லு என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஜீனத் எழுந்து, "மாடு அசையும், மலை நிக்கும்," என்று சொல்லி உட்கார்ந்தாள். என் முறை வந்தது. இன்ஸ்பெக்டர் அம்மாளுக்கு ஒரே கேள்வி கேட்டு அலுத்துப் போயிருக்க வேண்டும். "நீ சொல்லு. நடக்கிற மனிதன் அசைகிறானா, நிற்கிறானா?" என்று மாற்றிக் கேட்டுவிட்டார்.

உலகத்தில் இருக்கிற கேள்வியெல்லாம் விட்டு இதை.

'அசைகிறான்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை. எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று பெருமை பேசவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குக் கண்ணுக்கு முன்னால் அந்த ஆள் மரத்தடியில் நடந்துகொண்டே நின்றான். "படகுல நடந்தா நிக்கிறான்," என்றேன்.

டீச்சரம்மா கண்ணை மூடிக்கொண்டார். வகுப்பு சிரித்தது. ஆனால் இன்ஸ்பெக்டர் அம்மாள் சிரிக்கவில்லை. கையைத் தூக்கிச் சிரிப்பை அடக்கிவிட்டு, "எப்படி? பயப்படாதே, சொல்லு பார்க்கலாம்," என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரே ஒரு ஆள் கேட்டார், அவரிடமும் எனக்குச் சொல்ல வரவில்லை. கழி, சேறு, தோள், பலகை எல்லாம் தலைக்குள் வரிசையாக இருந்தன. வாய்க்கு வரும் வழியில் கலைந்து போயின. செய்து காட்டிவிடலாம் என்று தோன்றியது. கரும்பலகையில் எழுத்தைத் தொட்டுக் காட்டுகிற நீளக் குச்சியை எடுத்தேன். எங்கள் மணைப் பலகையில் இருந்தவர்களை எழுந்திருக்கச் சொல்லி, அதன் முன்முனையில் ஏறி நின்று, குச்சியைத் தரையில் ஊன்றி, தோளில் முட்டுக் கொடுத்துக்கொண்டு படகுக்காரனைப் போலவே நடந்தேன்.

பலகை நகரவில்லை. அது பாட்டுக்குத் தரையைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. நான்தான் நகர்ந்து நகர்ந்து, பலகையின் அந்த முனைக்குப் போய்ச் சேர்ந்து, கீழே இறங்கினேன்.

"நீ நகர்ந்துதானே போனாய், அம்மா?" என்று இன்ஸ்பெக்டர் அம்மாள் மெதுவாகக் கேட்டார். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி வகுப்பு சிரித்தது. அவர் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த பெண்ணிடம் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் தொட்டியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். எதிரே இரண்டு ஆட்கள் ஒரு பெரிய அடிமரத்தை இடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாகச் செய்வதுதான்: உருண்டையான சவுக்குக் கட்டைகளை நாலு நாலாக அடியில் போட்டு, மேலே மரத்தை வைத்து, ஒரு விரலால் தள்ளுகிற மாதிரித் தள்ளிக்கொண்டு போனார்கள். அழுகை பாதியில் நின்றுவிட்டது. தண்ணீர் படகைப் பிடிக்காது. தரை பலகையைப் பிடிக்கும். பிடியை விடுவிக்க உருளை வேண்டும். ஒரு நாள் முன்னால் இது தோன்றியிருக்கக் கூடாதா?

விடிந்ததும் ஜீனத்தை இழுத்து வந்தேன். நாலு உருளை போட்டு, மேலே ஒரு நீளப் பலகை போட்டேன். அவளைக் கட்டை அடுக்குக்கு எதிரே நிற்க வைத்து, "என் தலையப் பாரு, எனக்குப் பின்னாடி எந்தக் கட்டை கீதுன்னு பாரு," என்று சொல்லிவிட்டு ஏறினேன். முதல் தடவை விழுந்து முழங்கை கிழிந்தது. இரண்டாம் தடவை கழியை ஊன்றி நடக்க, பலகை காலுக்கடியில் கடகடவென்று எதிர்ப்பக்கம் ஓடிற்று. நடந்தேன், நடந்தேன், நான் அங்கேயேதான் இருந்தேன்.

ஜீனத் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "யா அல்லா! நடக்கறடி, ஆனா அந்த வெள்ளக் கட்டையாண்டயே நிக்கறடி!"

"பாத்தியா? பாத்தியா?"

"பாத்தேன் பாத்தேன்," என்றாள். பிறகு என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "கழுத, இத நேத்து காட்டறதுக்கு இன்னா?"

அவள் என்னைப் போல இல்லை, தைரியக்காரி. நேரே டீச்சரம்மாவிடம் போய், உருளை போட்டால் ஓடுகிறது, நான் பார்த்தேன், வந்து பாருங்கள் என்று சொன்னாளாம். "பரீட்சை முடிஞ்சுடுத்துடி. இனிமே உருண்டா என்ன, உருளாட்டா என்ன," என்று அவர் பதில் சொன்னாராம். என் பெயருக்கு நேரே 'தேறவில்லை' என்று வந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், கணக்கிலும் நான் சுமார்தான். படகுக்காரன் ஒருவனால்தான் போயிற்று என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கணக்கில் தவறியதற்கு என்னை யாரும் தெருவில் கூப்பிட்டுக் கேலி செய்யவில்லை. தண்ணீர்க் குடத்தோடு போகும்போதெல்லாம், "இன்னாடி கன்னிம்மா, நடக்கறியா நிக்கறியா?" என்பார்கள். கல்யாணமாகித் திருவான்மியூர்ப் பக்கம் போகிறவரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நைனா திட்டவில்லை. "சரி, நின்னுக்கோ," என்றார். தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் ஒரு நாள். கால்வாய்ப் பாலத்தின் மேல் தம்பியோடு நின்றுகொண்டிருந்தேன். குடை பிடித்துக்கொண்டு டீச்சரம்மா வந்தார். அந்தச் சமயம் பார்த்து, பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு விறகுப் படகு. கழியை ஊன்றிக்கொண்டு ஆள் நடக்கிறான். கரையில் ஒரு விளக்குக் கம்பம், அதற்கு நேரே அவன் தலை. கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும், தெரிந்துவிடும்.

"ஏண்டி, இந்த வருஷம் மறுபடி ஐஞ்சாவதுல உன்னைக் காணோமே?" என்று கேட்டார்.

'அங்கே பாருங்க டீச்சர்' என்று சொல்ல வேண்டும். மூன்றே சொல். உதட்டுவரை வந்தது. கீழே அவன் நடந்துகொண்டே இருக்கிறான், கம்பம் அவனுக்குப் பின்னாலேயே இருக்கிறது, பின்முனை நெருங்குகிறது, இன்னும் நாலு எட்டுதான்.

"நின்னுட்டேன் டீச்சர்," என்றேன்.

"நின்னுட்டியா," என்று உச்சுக் கொட்டினார். நிஜமாகவே வருத்தப்பட்டார். தம்பியின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். கீழே திரும்பிப் பார்த்தேன். படகுக்காரன் கழியை உருவிக்கொண்டு முன்முனைக்கு ஓடிக்கொண்டிருந்தான்.

இதெல்லாம் போய் அறுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. தொட்டி இருந்த இடத்தில் அடுக்கு வீடு. பூவரச மரம் எப்போது போயிற்றென்று யாருக்கும் தெரியாது. கால்வாயில் படகும் கிடையாது, கழி ஊன்றினால் குத்துவதற்குச் சேற்றைவிடப் பிளாஸ்டிக் பைதான் அதிகம். கால்வாயின் நடுவிலேயே தூண் நட்டு, மேலே பறக்கும் ரயில் விட்டிருக்கிறார்கள். ஜீனத்தும் போய்விட்டாள், நான் நடந்துகொண்டே நின்றதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான் என்று அன்று அழுதேன். இப்போது ஒரு ரூபாய்ப் பேனாவில் மை உலராமல் எழுதுகிறேன், அந்த மைக்கூடு மட்டும் மனதில் தொடாமலே இருக்கிறது.

போன மாதம் மருத்துவமனைக்குப் போக மயிலாப்பூரில் அந்த ரயிலில் ஏறினேன். மகள் ஏற்றிவிட்டு, நடைமேடையில் நின்றுகொண்டாள். நான் ஏறியது பெட்டியின் முன்பக்கம், காலி இடம் பின்பக்கம். கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் நடக்கத் தொடங்கினேன். அதே நேரம் வண்டி மெல்ல முன்னால் நகர்ந்தது. ஒரு ஜன்னல் போயிற்று, அடுத்த ஜன்னல் வந்தது, அதற்கு நேரே என் மகள். இன்னும் ஒரு ஜன்னல், அதற்கு நேரேயும் என் மகள். என் முழங்காலுக்கு நடப்பது தெரிந்தது, வலித்தது.

மகள் ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்: "எம்மா! ஏன் ஒரே எடத்துல நின்னுக்கினே கீற? போய்க் குந்தும்மா!"

நான் நடக்கிறேன் என்று அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வண்டி வேகம் பிடித்துவிட்டது.